பத்து வருடத்துக்கு ஒரு பெட்டி

சென்னை ரிச்சி தெருவில் கேமிங் கம்ப்யூட்டருக்கு விலை கேட்பவர்களின் பேச்சு ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். கிராஃபிக்ஸ் கார்டில் தொடங்கும், பிராசஸருக்குப் போகும். ராம் எத்தனை ஜிபி, கேபினட்டில் எத்தனை ஃபேன் வண்ணம் மாறி ஒளிரும் என்பதெல்லாம் பேசி முடித்து, கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் இடிக்கும்போதுதான் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் நினைவுக்கு வரும். “கேபினட்டோடயே வந்துடும் தம்பி, தனியா எதுக்குச் செலவு?” என்பார் கடைக்காரர். தம்பிக்கும் அது நியாயமாகப் படும். மிச்சமாகும் பணத்தில் ஒரு படி மேலான கார்டு வாங்கலாமே. அந்தப் பெட்டி எத்தனை வருடம் ஓடும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு வரிப் பேச்சிலேயே முடிவாகிவிடுகிறது.

எஸ்எம்பிஎஸ் நொடிக்கு ஒரு ஃபிரேம்கூடக் கூட்டித் தராது. கேபினட்டும் தராது, மதர்போர்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். விளையாட்டின் வேகத்தை அளந்து பட்டியல் போடும் சோதனைகளில் இவற்றுக்கு இடமே இல்லை. வாங்கிய அன்று ஒரு பாகம் என்ன தரும் என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். எட்டாம் வருடம் அது எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாரும் அளந்து காட்ட முடியாது. அதனால் அதைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை. நீண்ட நாள் உழைக்கும் கம்ப்யூட்டரை நாமே கட்டுவது என்றால், எந்தப் பாகம் கடைசிவரை தங்க வேண்டும், எது நடுவில் வந்து போகலாம் என்று முதல் நாளே பிரித்துவிடுவது என்றே நான் புரிந்துகொள்கிறேன். வேகம் தருபவை வந்து போகட்டும். தங்க வேண்டியவற்றில் கை சுருக்கக் கூடாது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சுழலும் ஃபேனைத் தவிர அசைகிற பாகம் எதுவும் இல்லை. அப்படியும் அது தேய்கிறது. தேய்வது கெப்பாசிட்டர். அலுமினியத் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துச் சுருட்டி, திரவத்தில் ஊறவைத்து, சுண்டுவிரல் நுனி அளவிலிருந்து கட்டைவிரல் பருமன்வரையான அலுமினியக் குப்பியில் அடைத்து, அடியில் ரப்பரால் மூடியிருப்பார்கள். சூட்டில் அந்தத் திரவம் ரப்பர் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். குப்பியின் தலையில் சிலுவைபோலக் கீறல் இட்டிருப்பது, உள்ளே அழுத்தம் ஏறினால் அது வெடிக்காமல் பிளந்துகொடுப்பதற்காக. பழைய மதர்போர்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும்: பிராசஸரைச் சுற்றி வரிசையாக நிற்கும் குப்பிகளில் இரண்டு மூன்றின் தலை மட்டும் உப்பியிருக்கும், கீறல் வழியே பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். 2000-களின் தொடக்கத்தில் தரமற்ற திரவம் அடைத்த கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் மதர்போர்டுகளில் ஏறி, இரண்டு மூன்று வருடத்தில் அவற்றைக் கூட்டம் கூட்டமாக முடித்துவைத்தன. 

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கெப்பாசிட்டரின் உடம்பில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கும். 2000 மணி நேரம் என்பது பரவலாகக் காணப்படும் எண். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்று பொறியாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் அது 75 டிகிரியில் வேலை செய்வதாகக் கொள்வோம். 85 டிகிரிச் சரக்கு 4000 மணி நேரம் வரும், 105 டிகிரிச் சரக்கு 16,000 மணி நேரம் வரும். தினம் நான்கு மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் முதலாவது மூன்று வருடத்தைத் தாண்டாது. இரண்டாவது பதினோரு வருடத்தைத் தொடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எது இருக்கும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

80 ப்ளஸ் முத்திரையை நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. வெண்கலம், தங்கம் என்று அது தரும் பட்டங்கள், சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. உள்ளே எந்தக் கெப்பாசிட்டர், மின்னழுத்தம் தாவினால் காக்கும் சுற்று இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சோதனையின் எல்லைக்குள் வராது. தவிர, அது நடப்பது 23 டிகிரி வெப்பமுள்ள அறையில். நம் மொட்டைமாடியை ஒட்டிய அறையில் கத்திரி வெயில் நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன சூடு இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் சூடும் ஏறத்தாழ அதே பத்து ஏறும். மேலே போட்ட கணக்கின்படி ஆயுள் பாதியாகும். குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொண்டால் இங்கே ஆயுள் கணக்கு தவறிவிடும். சென்னையில் வாங்குகிறவர் கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா, காற்று நுழையும் வலையா என்று பார்ப்பது அழகு சார்ந்த விஷயமாக இருக்க முடியாது. வலைதான் வேண்டும். அதன் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் வேண்டும்.

நம் ஊர் மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரண்ட் போய் யூபிஎஸ் தாங்கிக்கொள்வதற்குள் சில மில்லிவினாடி இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரை உயிரோடு வைத்திருப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டர். பளுவோடு ஓடும்போதும் சுமார் 16 மில்லிவினாடி தாங்க வேண்டும் என்பது ஏடிஎக்ஸ் விதிகளில் உள்ள எதிர்பார்ப்பு. காசு மிச்சம்பிடிக்க அந்தக் குப்பியைச் சிறியதாக வைத்துவிட்டால், யூபிஎஸ் இருந்தும் பெட்டி அணைந்து எழும். யூபிஎஸ் பேட்டரி போய்விட்டது என்று நாம் அதை மாற்றிக்கொண்டிருப்போம். பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் கம்பி மட்டும் எங்கும் போய்ச் சேராது. அங்கே கேபினட்டின் திருகைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு உணர்வு வரும். அதை வழக்கமாக எடுத்துக்கொண்டு செருப்புப் போட்டு உட்கார்ந்து விளையாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எர்த் இல்லை என்பதற்கான நேரடிச் சாட்சி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்ய ஆகும் செலவை, நல்ல எஸ்எம்பிஎஸ் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிராசஸரைக் குளிர்விப்பதில் எனக்குத் தயக்கமே இல்லாத ஒரு கருத்து உண்டு. பத்து வருடம் என்று நினைப்பவர் காற்றில் குளிர்விக்கும் கூலரைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் கூலர் பார்க்க அழகாக இருக்கும். கடும் பளுவில் திறமையும் அதிகம். ஆனால் அதற்குள் ஒரு பம்ப் ஓடுகிறது, குழாயின் ரப்பர் வழியே திரவம் வருடக்கணக்கில் கசிந்து குறைகிறது, பெரும்பாலானவற்றில் திரும்ப நிரப்ப வழியும் இல்லை. காற்று கூலர் என்பது செம்புக் குழாய் கோத்த அலுமினியத் தகடுகள். கெடக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அதைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம், வருடங்களுக்கு முன்பு தன் கூலரை வாங்கியவர்களுக்குக்கூடப் புதிய சாக்கெட்டில் (போர்டில் பிராசஸர் அமரும் இடம்) பொருத்தும் பட்டைகளை, வாங்கிய ரசீதைக் காட்டினால் இலவசமாக அனுப்பிவருகிறது. விற்ற பொருள் இன்னும் பயன்பட வேண்டும் என்று விற்றவரே விரும்புவது இந்தத் தொழிலில் அபூர்வம். அதனால்தான் பெயரோடு சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சூடும் மின்சாரமும் செய்யும் வேலை. நல்ல சரக்கு வாங்கி, தூசி தட்டி, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவும் பேஸ்டை மாற்றி இவற்றோடு ஒருவர் சமாளித்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் பொருளை வேறொருவர் எங்கோ உட்கார்ந்து பழையது என்று அறிவிக்கும்போது நம் கையில் அவ்வளவு வலு இல்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலில், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவையும், 2017-இல் வந்த ஏஎம்டி-யின் முதல் ரைசன்களும் இல்லை. அந்த இயந்திரங்களில் ஒரு திருகுகூடத் துருப்பிடித்திருக்காது. இன்டெல் அதே 2017-இல் எட்டாம் தலைமுறையை அதே 1151 ஊசி சாக்கெட்டில் வெளியிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் வாங்கிய போர்டில் அது ஏறாது, புது போர்டு வாங்கியாக வேண்டும் என்றது. துளை அதே துளை, அளவு அதே அளவு. அப்போது புதிதாகக் கட்டியிருந்தவர்களின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏஎம்டி 2016-இல் ஏஎம்4 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் முதல் ரைசன்கள் அதில் ஏறின. கையில் பணம் குறைவாக இருந்த ஒருவர் 2017-இல் நடுத்தர விலையில் ஒரு பி350 போர்டும் நான்கு கோர் பிராசஸரும் வாங்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஏப்ரலில் 5800எக்ஸ்3டி வந்தது. 64 எம்பி கேஷ் நினைவகத்தைச் சில்லின் மேல் சில்லாக அடுக்கி, மொத்தத்தை 96 எம்பி ஆக்கி, விளையாட்டுகளுக்கென்றே செய்ததுபோல வந்த பிராசஸர். அந்த ஐந்து வருடப் பழைய போர்டில், அதன் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் அதுவும் ஏறியது. அதே ராம், அதே கூலர், அதே எஸ்எம்பிஎஸ். இது தானாகக் கனிந்த நன்மையும் இல்லை. 2020 மே மாதத்தில், வரப்போகும் பிராசஸர்கள் 400 வரிசை போர்டுகளில் ஏறாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் விடாமல் எதிர்த்துக் கேட்டார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்கும் பழைய 300 வரிசைக்கு 2022-இல் வழி பிறந்தது.

அப்படிப் பிராசஸரை வீட்டில் மாற்றியவர்களுக்கு ஒரு விஷயம் கையில் பதிந்திருக்கும். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும். ஐந்து வருடம் காய்ந்த பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் பசைபோல ஒட்டவைத்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகளில் சில வளைந்துவிடும். தெரிந்தவர்கள் முதலில் ஒரு விளையாட்டைக் கால்மணி நேரம் ஓட்டிப் பேஸ்டைச் சூடாக்குவார்கள். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுவார்கள். பிடி விட்டுக்கொடுப்பது உள்ளங்கையில் தெரியும். அதன் பிறகுதான் தூக்குவார்கள். 2022-இல் வந்த ஏஎம்5-இல் ஊசிகள் போர்டுக்கு இடம் மாறிவிட்டன, அந்தப் பயம் இல்லை. அதற்குப் பதில் சாக்கெட்டில் எதையும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாகத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை வைத்துக்கொள்ள முடிகிறதே, அதற்கு அடியில் இருப்பது ஓர் உடன்பாடு. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகளின்படிதான் இன்றைய போர்டின் திருகுத் துளைகளும் இருக்கின்றன. முப்பது வருடத்துக்கு முந்தைய ஏடிஎக்ஸ் கேபினட்டில் இன்றைய போர்டை வைத்தால் துளைகள் நேராக வந்து உட்காரும். போட்டி நிறுவனங்கள் எல்லாம் அந்த அளவை ஏற்றுக்கொண்டதால்தான் தைவானில் செய்த போர்டும் அமெரிக்காவில் வடிவமைத்த பிராசஸரும் கொரியாவின் நினைவகமும் ரிச்சி தெருவின் ஒரு மேசைமேல் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ராம் போர்டோடு ஒட்டப்பட்டு வரும் லேப்டாப்களில் இது இல்லை. கடையில் முழுதாகக் கட்டி விற்கும் கம்ப்யூட்டர்களிலும், எஸ்எம்பிஎஸ் வடிவத்தையும் போர்டின் இணைப்பையும் தனக்கென்று மாற்றி வைத்திருப்பவை உண்டு. பொது அளவில் இல்லாத எந்தப் பாகத்தையும், எவ்வளவு மலிவாக வந்தாலும், நீண்ட நாள் பெட்டிக்குள் நான் விடமாட்டேன்.

கிராஃபிக்ஸ் கார்டு வேறு கதை. இருப்பவற்றில் மிக விலையுள்ளதும், சீக்கிரமாகப் பழையதாவதும் அதுதான். என்விடியாவின் 1080டிஐ 2017 மார்ச்சில் 11 ஜிபி நினைவகத்தோடு வந்தது. அந்த நினைவக அளவே அதை வருடக்கணக்கில் தாங்கியது. பின்னால் வந்த 8 ஜிபி கார்டுகள் மூச்சுத் திணறிய இடங்களில் அது நின்றது. 2023-இல் ஆலன் வேக் 2 விளையாட்டு வந்தபோது, மெஷ் ஷேடர் என்ற வசதி இல்லாததால் அது தடுமாறியது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ஒளிக்கதிரைக் கணக்கிடும் தனிச் சுற்று இல்லாத கார்டுகளை ஏற்கவே இல்லை. 2025 அக்டோபரோடு அந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களும் நின்றன. வேகம் போதாமல் போவதற்கு முன்பே இல்லாத வசதி அதை ஓரங்கட்டியது. 

கார்டின் வயதைக் கணிக்க எனக்குத் தெரிந்த நல்ல கடிகாரம் விளையாட்டுக் கன்சோல்தான். பெரிய விளையாட்டுகள் முதலில் அவற்றை மனதில் வைத்தே கட்டப்படுகின்றன. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013 நவம்பரில், 5 வந்தது 2020 நவம்பரில். முன்னதற்கு 8 ஜிபி பொது நினைவகம், பின்னதற்கு 16 ஜிபி, வேகமான எஸ்எஸ்டி. புது கன்சோல் வந்தவுடன் எதுவும் மாறுவதில்லை. இரண்டு மூன்று வருடம் விளையாட்டுகள் இரண்டு தலைமுறைக்கும் சேர்த்தே வரும். பழையதைக் கைவிடும்போதுதான் கம்ப்யூட்டர்காரர்களின் வீட்டிலும் சுமை திடீரென்று ஏறும். 8 ஜிபி கார்டுகளைப் பற்றிய முறையீடுகள் 2023-இல் குவிந்ததன் பின்னணி இதுதான். ஆகவே ஒரு கன்சோல் தலைமுறையின் முற்பாதியில், அந்தக் கன்சோலை விஞ்சும் அளவில் வாங்கிய கார்டு நெடுநாள் வரும். பிற்பாதியில் வாங்குகிறவர் நடுத்தரக் கார்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அடுத்ததற்கு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு நிலையிலும், வேகத்தில் கொஞ்சம் குறைந்தாலும் நினைவகம் கூடியதை எடுக்கலாம்.

கார்டைப் பழையதாக்குவதில் நம் பங்கும் உண்டு. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 4கே திரையில் 83 லட்சம். நான்கு மடங்கு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டு, மானிட்டர் மாறிய அன்று திணறத் தொடங்கும். அதனால் பாகங்களின் பட்டியலை மானிட்டரிலிருந்து தொடங்கச் சொல்வேன். இருபத்தேழு அங்குலத்தில் 1440பி பார்வைக்கு நிறைவானது. சுமை 1080பி-யைப் போல இரண்டு மடங்குக்கும் கீழே. அதில் மனதை நிறுத்தினால் கார்டுக்கு மூன்று நான்கு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். இப்படிச் சொல்வது விளையாட்டின் அழகைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதாகப் படலாம். மழை பெய்து முடிந்த ஒரு நகரத் தெருவை விளையாட்டில் நடந்து கடக்கும் இன்பம் எனக்கும் வேண்டும். அதை வருடா வருடம் புதிதாக வாங்கித்தான் அடைய வேண்டுமென்று தோன்றவில்லை.

ராமும் எஸ்எஸ்டியும் அதிகம் யோசிக்க வைக்காதவை. நல்ல 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருகிறார்கள். விளையாடுகிற வீட்டில் அந்த அளவை எட்டுவது கடினம். ராம் பெரும்பாலும் கெடுவதில்லை. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அதன் பொன்முலாம் பூசிய விளிம்பில் படலம் படிந்து பெட்டி எழாமல் போகும். பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த விளிம்பை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டி, திரும்பச் செருகினால் எழுந்துவிடும். நம் மெக்கானிக்குகள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். ஏஎம்5 போர்டில் நான்கு துளை இருந்தாலும் இரண்டு பெரிய ராமாகவே வாங்க வேண்டும். டிடிஆர்5 நான்காகச் செருகினால் வேகம் குறைந்தே ஓடும். பிறகு விலை இறங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய நம்பிக்கையை 2025-இன் கடைசி மாதங்கள் உடைத்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதில் ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் பெயரில் கடைகளில் விற்றுவந்ததை நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது.

எனவே இன்றைக்கு ஒருவர் வந்து கேட்டால் இப்படிச் சொல்வேன். காற்றோட்டமுள்ள எளிய கேபினட். 105 டிகிரிக் கெப்பாசிட்டர் கொண்ட, பத்து வருட வாரண்டியுள்ள, தேவைக்கு ஒன்றரை மடங்கு வாட் உள்ள எஸ்எம்பிஎஸ். இன்றைய கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக இருமடங்கு மின்சாரத்தை இழுக்கும், அதைத் தாங்க ஏடிஎக்ஸ் 3.0 விதிக்கு உட்பட்டதாக இருப்பது நல்லது. பிராசஸர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள ஏஎம்5 போர்டு. இப்போதைக்கு ஆறு கோர் போதும். அந்தச் சாக்கெட்டில் வரும் கடைசி எக்ஸ்3டி-க்கு இப்போதே கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். கார்டின் மின் உச்சவரம்பை நூற்றுக்கு எண்பது என்று குறைத்து ஓட்டினால் வேகத்தில் போவது சில சதவீதம்தான். சூடும் இரைச்சலும் கண்கூடாக இறங்கும். கடைசித் துளி வேகத்துக்காக மின்னழுத்தத்தை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் காட்டின. நிறுவனமே பிழையை ஒப்புக்கொண்டு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது.

கட்டி முடித்த பிறகு மிஞ்சும் அட்டைப்பெட்டிகளைக் குப்பையில் போடும்முன் சிலவற்றை எடுத்துவைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த உபரி கேபிள்களை அதன் மாடல் பெயர் எழுதிய பையில் போட்டு வைக்கலாம். வேறு நிறுவனத்தின் கேபிள் அதே துளையில் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும். மாட்டிப் பவர் கொடுத்தால் டிஸ்க் கருகிவிடும். கூலரோடு வந்த பட்டைகளும் திருகுகளும் அடுத்த போர்டுக்குத் தேவைப்படும். பில்லைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். பத்து வருட வாரண்டிக்கான ஒரே சாட்சியைக் கடையில் வெப்பத்தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். அலமாரிக்குள்ளேயே அது ஒன்றிரண்டு வருடத்தில் வெளுத்து, சீரியல் எண் எது, தேதி எது என்று தெரியாமல் போய்விடும். வாங்கிய அன்றே அதைச் சாதாரணத் தாளில் நகல் எடுத்து, பாகங்களின் சீரியல் எண் ஒட்டிகளையும் படமெடுத்து, இரண்டையும் வேறொரு கம்ப்யூட்டரிலோ மின்னஞ்சலிலோ போட்டு வைக்க வேண்டும்.